ரயிலே வராத ஏற்காட்டில் ரயில் ஓட்டலாம்... செல்போன் போதும்!

ஏற்காடு ஒண்டிக்கடை ரவுண்டானாவில் பத்து நிமிடம் நின்றால் விதவிதமான சத்தம் காதில் விழும். மலையேறி வந்த களைப்பில் பெருமூச்சு விடும் அரசுப் பேருந்து, எஸ்டேட் ஜீப், ஹாரனை விடாமல் அடிக்கும் சுற்றுலா வேன், பலூன்காரரின் பீப்பி என எல்லாம் உண்டு. கேட்காத ஒரே சத்தம் ரயில் சத்தம்தான். ஊட்டிக்கு ரயில் இருக்கிறது, டார்ஜிலிங்குக்கும் சிம்லாவுக்கும்கூட இருக்கிறது. சேர்வராயன் மலைக்கு மட்டும் தண்டவாளம் ஏறியதே இல்லை. ஏற்காட்டுக் குழந்தை ஒன்று ரயிலைப் பார்க்க ஆசைப்பட்டால், 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி, 30 கிலோமீட்டருக்கும் மேல் பயணித்து சேலம் ஜங்ஷனுக்குத்தான் போக வேண்டும்.

அந்தக் குழந்தைக்கு இப்போது இன்னொரு வழி திறந்திருக்கிறது. வீட்டு மேஜையில் ஒரு வட்டத் தண்டவாளம், அதன் மேல் உள்ளங்கை நீள இன்ஜின், கையில் ஒரு செல்போன். திரையில் விரலை மேலே தள்ளினால் இன்ஜின் உறுமிக்கொண்டு புறப்படுகிறது. ஹாரன் படத்தைத் தொட்டால் ஹாரன் அடிக்கிறது. பிரேக் பிடித்தால் இரும்பு உரசும் கிறீச் சத்தமும் கேட்கிறது. அத்தனை சத்தமும் இன்ஜினின் வயிற்றுக்குள்ளிருந்தே வருகிறது. போன் வெறும் ரிமோட்தான்.

இந்த மாயத்தைச் செய்வது தீப்பெட்டியில் பாதிகூட இல்லாத ஒரு சர்க்யூட் போர்டு. அதன் பெயர் சவுண்ட் டிகோடர். அது எப்படி வேலை செய்கிறது, எவ்வளவு செலவாகும், நம்ம ஊர் ரயிலின் சத்தத்தை அதில் கேட்க முடியுமா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பொம்மை ரயில் வேறு, மாடல் ரயில் வேறு!

திருவிழாக் கடையில் வாங்கும் சாவி கொடுக்கும் ரயிலும், பேட்டரி ரயிலும் பொம்மைகள். மாடல் ரயில் என்பது நிஜ ரயிலைக் கணக்குப் போட்டு சுருக்கிச் செய்த உருவம். உலகம் முழுக்க அதிகம் பேர் வைத்திருப்பது எச்.ஓ எனும் அளவு. நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு. இன்னும் சிறியது என் அளவு. பெரும்பாலும் 160-ல் ஒரு பங்கு.

நமக்குப் பழக்கமான ஒன்றை வைத்துப் பார்த்தால் எளிதில் புரியும். ஒரு காலத்தில் நம் ஊர் எக்ஸ்பிரஸ்களை இழுத்த டபிள்யூ.டி.எம்-2 டீசல் இன்ஜினின் நீளம் சுமார் 17 மீட்டர். எச்.ஓ அளவில் அது சுமார் 20 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடும். சென்னை ஐ.சி.எஃப்-பில் தயாரான நீல நிறப் பெட்டி ஒன்று சுமார் 25 சென்டிமீட்டர். இன்ஜினும் நான்கு பெட்டியும் கோத்தால் ஒன்றேகால் மீட்டர் நீளத்துக்கு ஒரு ரயில் தயார்.

இந்தியாவில் இந்தப் பொழுதுபோக்கு பணக்காரர்களுக்கு மட்டும் என்ற எண்ணம் நெடுநாள் இருந்தது. அதைப் பொதுமக்கள் பார்க்கும்படி திறந்து வைத்த இடங்களில் முக்கியமானது புனே கோத்ருடில் இருக்கும் ஜோஷி மினியேச்சர் ரயில்வே அருங்காட்சியகம். 1998-லிருந்து அங்கே குட்டி ஸ்டேஷன், குட்டி சிக்னல், குட்டி நகரம் என ஓர் உலகமே ஓடிக்கொண்டிருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் கண்ணாடிக்கு மூக்கை ஒட்டிக்கொண்டு பார்க்கும் இடம் அது.

திருகு பட்டனிலிருந்து டிஜிட்டலுக்கு...

பழைய முறையில் மாடல் ரயில் ஓடியது ரொம்ப எளிமையான விதியில். தண்டவாளத்துக்கு 0 முதல் 12 வோல்ட் வரை மின்சாரம் கொடுப்பார்கள். திருகு பட்டனைத் திருப்பினால் வோல்டேஜ் கூடும், ரயில் வேகமெடுக்கும். பிளஸ், மைனஸை மாற்றினால் பின்னோக்கி ஓடும். அவ்வளவுதான்.

சிக்கல் இரண்டாவது இன்ஜினை வைத்ததும் ஆரம்பிக்கும். ஒரே தண்டவாளத்தில் இரண்டு இன்ஜின் நின்றால் இரண்டும் ஒன்றாகப் புறப்படும், ஒன்றாக நிற்கும். அண்ணன் ஓட்டினால் தங்கையின் ரயிலும் ஓடும், வீட்டில் சண்டைதான்! தண்டவாளத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி சுவிட்ச் போட்டுச் சமாளித்தார்கள். மேஜைக்கு அடியில் வயர்கள் கொடியாகப் படர்ந்து கிடக்கும்.

இதற்கு டிஜிட்டல் தீர்வு தேடிய ஆரம்ப முயற்சிகளில் ஒன்று, பிரிட்டனின் ஹார்ன்பி நிறுவனம் 1979-ல் கொண்டுவந்த 'ஜீரோ 1'. ஒவ்வொரு இன்ஜினுக்கும் ஒரு நம்பர். 16 இன்ஜின்கள் வரை தனித்தனியாக ஓட்டலாம். அந்தக் காலத்துக்கு அது பெரிய அதிசயம். ஆனால் அந்த முறை மற்ற கம்பெனிகளின் கருவிகளோடு ஒத்துப்போகவில்லை. சில ஆண்டுகளில் தயாரிப்பு நின்றதும், வாங்கியவர்கள் கையில் அநாதையாக நின்றன அந்தக் கருவிகள். இந்தக் கதையை நினைவில் வையுங்கள், கடைசியில் தேவைப்படும்.

பிறகு ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் ஒரு முறையை உருவாக்கியது. அதை அடிப்படையாக வைத்து அமெரிக்காவின் தேசிய மாடல் ரயில்ரோடு சங்கம் 1990-களில் எல்லோருக்கும் பொதுவான தரத்தை வகுத்தது. அதுதான் டி.சி.சி எனும் டிஜிட்டல் கமாண்ட் கண்ட்ரோல். எந்தக் கம்பெனி இன்ஜினாக இருந்தாலும், எந்தக் கம்பெனி கருவியாக இருந்தாலும் ஒரே பாஷை.

டி.சி.சி-யில் தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்சாரம் இருக்கும். அந்த மின்சாரத்தையே நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை திசைமாற்றி, அதில் கட்டளைகளைக் கோத்து அனுப்புவார்கள். 'மூன்றாம் நம்பர் இன்ஜினே, பாதி வேகத்தில் முன்னே போ' என்று கட்டளை போனால் எல்லா இன்ஜினுக்கும் அது கேட்கும். மூன்றாம் நம்பர் டிகோடர் மட்டும் அதைத் தனக்கானது என்று எடுத்துக்கொண்டு மோட்டாரைச் சுழற்றும். வகுப்பில் டீச்சர் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஒருவர் மட்டும் எழுந்து நிற்பதைப் போல! கடையிலிருந்து வரும் புது டிகோடர் எல்லாவற்றுக்கும் வழக்கமாக 3-தான் முதல் நம்பர். வாங்கியவர் தனக்குப் பிடித்த நம்பருக்கு மாற்றிக்கொள்ளலாம்.

போன் நேராக இன்ஜினோடு பேசும்!

டி.சி.சி வந்த பிறகும் ஒரு குறை இருந்தது. கட்டளை கொடுக்கத் தனியாக ஒரு பெட்டி வேண்டும். விலையும் அதிகம், கற்றுக்கொள்ளவும் நேரம் பிடிக்கும். செல்போன் ஒவ்வொரு வீட்டுக்கும் வந்த பிறகு இது இரண்டு விதமாக மாறியது.

முதலாவது, வை-ஃபை வழி. போனில் இருக்கும் ஆப், கட்டளைப் பெட்டியோடு வை-ஃபையில் பேசும். பெட்டி அதைத் தண்டவாளத்தில் அனுப்பும். இன்ஜினுக்குள் இருப்பது வழக்கமான டி.சி.சி டிகோடர்தான். போன் இங்கே ரிமோட்டின் வேலையை மட்டும் செய்கிறது.

இரண்டாவதுதான் பெரிய மாற்றம். டிகோடருக்குள்ளேயே ப்ளூடூத் வந்துவிட்டது. நடுவில் பெட்டியே கிடையாது; போன் நேராக இன்ஜினோடு பேசும். காதில் மாட்டும் ப்ளூடூத் ஹெட்செட்டை இணைப்பது மாதிரிதான். அமெரிக்காவின் சவுண்ட்ட்ராக்ஸ் நிறுவனம், ப்ளூரெயில் நிறுவனத்தோடு சேர்ந்து கொண்டுவந்த 'ப்ளூநாமி' இந்த வகை. ஹார்ன்பி 2023-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த 'எச்.எம்.7000' வரிசையும் இதே வகைதான்.

இதில் மூன்று வசதிகள் இருக்கின்றன. ஒன்று, தண்டவாளத்துக்குத் தேவை வெறும் மின்சாரம் மட்டும். மாறாத வோல்டேஜ் கொடுக்கும் அடாப்டர் ஒன்று போதும். இரண்டு, இன்ஜினுக்குள் பேட்டரி வைக்க இடமிருந்தால் அந்த அடாப்டரும் வேண்டாம். தண்டவாளம் வெறும் கம்பிதான். இதை 'டெட் ரெயில்' என்கிறார்கள். தோட்டத்தில் மண் மேல் ஓட்டுபவர்களுக்கு இது வரப்பிரசாதம். மூன்று, எச்.எம்.7000 போன்ற டிகோடரில் இன்ஜினின் சத்தத்தையே ஆப் வழியாக மாற்றலாம். நேற்று ஒரு நீராவி இன்ஜினின் குரல், இன்று வேறொன்று. ரிங்டோன் மாற்றுவது போலத்தான். என்ன, முழு ஒலித்தொகுப்பும் ப்ளூடூத் வழியாக உள்ளே போய்ச் சேரக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அதுவரை பொறுமை வேண்டும்.

இந்தத் தகவலில் ஏற்காட்டுக்காரர்கள் ரசிக்க ஒன்று உண்டு. சவுண்ட்ட்ராக்ஸ் நிறுவனம் இருப்பது நியூயார்க்கிலோ சிகாகோவிலோ இல்லை. கொலராடோ மாநிலத்தின் டுராங்கோ எனும் மலை ஊரில். அங்கிருந்து சில்வர்ட்டனுக்கு 1880-களில் போட்ட குறுகிய பாதையில் இன்றும் நீராவி ரயில் ஓடுகிறது. தெருவில் நின்றாலே விசில் கேட்கும் ஊரில், ரயில் சத்தத்தையே தொழிலாக்கிய நிறுவனம்!

குட்டி ஸ்பீக்கரில் பெரிய இன்ஜின்

சத்தத்தை வெறுமனே பாட்டு மாதிரி ஒலிக்கவிட்டால் யாரும் ஏமாற மாட்டார்கள். இன்ஜினின் அசைவோடு அது ஒத்துப்போக வேண்டும். டிகோடரின் சாமர்த்தியம் இங்கேதான் இருக்கிறது.

நீராவி இன்ஜினில் வழக்கமாக இரண்டு சிலிண்டர். பெரிய சக்கரம் ஒரு சுற்று சுற்றும்போது நான்கு முறை 'சுக்' என்று ஆவி வெளியேறும். நாம் சின்ன வயதில் சொன்ன 'சிக்குபுக்கு' தாளத்தின் ரகசியம் அந்த நான்கு. டிகோடர் மோட்டாரின் வேகத்தைக் கவனித்து, அதற்கேற்ப 'சுக்' சத்தத்தின் இடைவெளியைக் குறைக்கும், கூட்டும். ஏற்றத்தில் இழுக்கும்போது சத்தம் கனமாகும், இறக்கத்தில் லேசாகும்.

டீசல் இன்ஜினின் கணக்கு வேறு. டிரைவரின் கைப்பிடிக்கு எட்டுப் படிகள் உண்டு. அவற்றை 'நாட்ச்' என்பார்கள். நிஜத்தில் டிரைவர் நாட்ச்சைக் கூட்டியதும் முதலில் இன்ஜின் உறுமும், பிறகுதான் ரயில் நகரும். டிகோடரும் அதே வரிசையில் செய்கிறது. முதலில் சத்தம் கூடும், ஒரு கணம் கழித்துச் சக்கரம் சுழலும். அந்த ஒரு கணத் தாமதம்தான் பொம்மையை ரயிலாக்குகிறது. இது தவிர மணி, ஹாரன், காற்று பிரேக் விடும் 'புஸ்ஸ்', பெட்டி கோக்கும் 'டங்க்' என ஒவ்வொன்றுக்கும் திரையில் ஒரு பட்டன்.

இத்தனையும் வருவது விரல் நகம் அளவு ஸ்பீக்கரிலிருந்து. அதைச் சுற்றி காற்றுப் புகாத சிறு பெட்டி ஒன்று கட்டாயம் வேண்டும். பெட்டி இல்லாத ஸ்பீக்கர் கொசு ரீங்காரம் போலத்தான் கேட்கும். புதிதாக மாட்டுபவர்கள் முதலில் சறுக்கும் இடம் இது.

நம்ம ஊர் ரயிலின் குரல் எங்கே?

பெரிய கம்பெனிகளின் ஒலித்தொகுப்பைப் புரட்டினால் பிரிட்டிஷ் இன்ஜின், அமெரிக்க இன்ஜின், ஜெர்மன் இன்ஜின் என்று வரிசையாக வரும். நாம் கேட்டு வளர்ந்த குரல்கள் அங்கே சுலபத்தில் கிடைப்பதில்லை. ஆனால் ஒரு குறுக்கு வழி இருக்கிறது.

டபிள்யூ.டி.எம்-2 இன்ஜின் முதலில் அமெரிக்காவிலிருந்து 1962-ல் வந்தது. ஆல்கோ எனும் கம்பெனியின் வடிவமைப்பு. 1964 முதல் வாரணாசியில் இங்கேயே தயாரித்தார்கள். ஆல்கோ 1969-ல் இன்ஜின் தயாரிப்பை நிறுத்திவிட்டது. ஆனால் அதன் இதயம் இந்தியாவில் அதன் பிறகும் பல பத்தாண்டுகள் துடித்தது. மீட்டர் கேஜில் ஓடிய ஒய்.டி.எம்-4 இன்ஜினுக்குள் இருந்ததும் அதே ஆல்கோ 251 குடும்பம்தான். அமெரிக்கச் சவுண்ட் டிகோடர்களில் ஆல்கோ இன்ஜின் சத்தம் தனியாகவே கிடைக்கிறது. அதைப் போட்டு, ஹாரனை மட்டும் பொருத்தமாகத் தேர்ந்தெடுத்தால், கண்ணை மூடிக் கேட்கும் தாத்தா ஒருவர் ஈரோடு ஜங்ஷனில் நிற்பதாகவே நினைப்பார்.

நீலகிரி மலை ரயிலுக்கு இந்தக் குறுக்கு வழி உதவாது. சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரத்து எஸ்.எல்.எம் கம்பெனி வடிவமைத்த எக்ஸ் வகை இன்ஜின் அது. நான்கு சிலிண்டர். இரண்டு சிலிண்டர் சக்கரத்துக்கு, இரண்டு பல்சக்கரத்துக்கு. மேட்டுப்பாளையத்திலிருந்து கல்லாறு வரை ஒரு மாதிரி சத்தம். கல்லாறு தாண்டிப் பல்தண்டவாளம் ஆரம்பித்ததும் நான்கு சிலிண்டரும் வேலை செய்ய, தாளமே மாறிவிடும். அந்தத் தாளத்தை அமெரிக்க இன்ஜினிலோ ஆங்கிலேய இன்ஜினிலோ தேடினால் கிடைக்காது. அதை நம் மலையில்தான் பதிவு செய்ய வேண்டும்.

இது வெறும் பொழுதுபோக்குக் கவலை இல்லை. இந்தியாவில் வழக்கமான நீராவி ரயில் சேவை 1990-களோடு முடிந்துபோனது. தமிழ்நாட்டில் மீட்டர் கேஜ் பாதைகள் ஒவ்வொன்றாக அகலப் பாதையாக மாறி, இன்று மிச்சமிருப்பது நீலகிரிப் பாதை மட்டும்தான். சேலம் டவுன், சேலம் மார்க்கெட் வழியாக விருத்தாசலம் போன மீட்டர் கேஜ் வண்டியின் சத்தம், சேலத்துப் பெரியவர்களின் காதில் மட்டும்தான் மிச்சமிருக்கிறது. ரயில் பாதைகள் கிட்டத்தட்ட முழுவதும் மின்மயமான நிலையில், டீசல் உறுமலும் அந்த வழியில்தான் போய்க்கொண்டிருக்கிறது. இன்ஜினைக் கொண்டுபோய் அருங்காட்சியகத்தில் நிறுத்தலாம். நின்றுபோன இன்ஜின் சத்தம் போடாது. சத்தத்தை உயிரோடு வைத்திருக்க வேறு இடம் வேண்டும். டிகோடர் அப்படி ஓர் இடம்.

ஏற்காட்டுக்கு ஒரு கற்பனை ரயில்

இல்லாத பாதையை இருப்பதாகக் கற்பனை செய்து கட்டுவதும் மாடல் ரயில்காரர்களின் வழக்கம்தான். 'சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ரயில் போட்டிருந்தால்?' என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். ஏற வேண்டியது 1,200 மீட்டர் சொச்சம். கல்லாறிலிருந்து குன்னூர் வரை நீலகிரி ரயில் ஏறும் உயரம் சுமார் 1,300 மீட்டர். கிட்டத்தட்ட ஒரே ஏற்றம்! நீலகிரியில் அதிகபட்சச் சரிவு சுமார் 12 மீட்டருக்கு 1 மீட்டர் என்று ஏறுகிறது. அதே சரிவில் போனால் ஏற்காட்டுக்கு 15 கிலோமீட்டர் பல்தண்டவாளம் போதும். சாதாரணத் தண்டவாளத்தில் 40 மீட்டருக்கு 1 மீட்டர் என்று மெதுவாக ஏறினால் 48 கிலோமீட்டர் சுற்ற வேண்டியிருக்கும். பேருந்து போல ரயில் கொண்டை ஊசி வளைவில் திரும்ப முடியாது. எனவே சுரங்கமும் பாலமும் வேண்டும்.

இதை அப்படியே எச்.ஓ அளவில் சுருக்கினாலும் 172 மீட்டர் நீளமும் 14 மீட்டர் உயரமும் வரும், வீட்டுக்குள் அடங்காது. அதனால் மாடல் செய்பவர்கள் முக்கியமான இடங்களை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். 8 அடிக்கு 4 அடி பிளைவுட் ஒன்று எடுத்தால், ஒரு பக்கம் அடிவாரம், நடுவில் காபித் தோட்டமும் சில்வர் ஓக் மரங்களும், மறுபக்கம் ஏரிக்கரை ஸ்டேஷன். ஸ்டேஷனுக்கு 'ஒண்டிக்கடை ஹால்ட்' என்று பெயர்ப் பலகை வைத்தால் யார் கேட்கப் போகிறார்கள்? பல்தண்டவாளம் இல்லாத மாடல் இன்ஜின் 100-க்கு 3 என்ற சரிவில் ஏறினால், 8 அடி நீளத்தில் 7 சென்டிமீட்டர் உயரம் கிடைக்கும். கீழே ஒரு ரயில், மேலே பாலத்தில் இன்னொரு ரயில் போக ஏறக்குறைய அந்த உயரம் போதும். தெர்மாகோல், பழைய செய்தித்தாள், மைதாப் பசை, மரத்தூள், பச்சை பெயின்ட் இருந்தால் சேர்வராயன் மலை தயார்.

எவ்வளவு செலவாகும்?

மறைக்காமல் சொல்ல வேண்டுமானால், சவுண்ட் டிகோடர் விலை மலிவு இல்லை. கம்பெனியைப் பொறுத்து, ஒரு சாதாரண ஸ்மார்ட்போன் வாங்கும் பணம் ஆகும். அதற்கு மேல் கூரியர், சுங்க வரி எல்லாம் உண்டு. இன்ஜினும் தண்டவாளமும் தனி.

கையைக் கடிக்காத வழியும் ஒன்று இருக்கிறது. 'டி.சி.சி-இ.எக்ஸ்' எனும் திட்டம், கட்டளைப் பெட்டிக்கான மென்பொருளை இலவசமாகத் தருகிறது. ஆர்டுவினோ மெகா போர்டு, மோட்டார் ஷீல்டு, ஒரு வை-ஃபை சிப் இருந்தால் போதும். சென்னை ரிச்சி தெருவில் கல்லூரி மாணவர்கள் புராஜெக்ட்டுக்கு வாங்கும் அதே சாமான்கள்தான். சில ஆயிரம் ரூபாயில் கட்டளைப் பெட்டி தயார். ஆண்ட்ராய்டு போனில் 'என்ஜின் டிரைவர்' ஆப்பை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். முதலில் சத்தமில்லாத மலிவு டிகோடரோடு ஆரம்பித்து, கையில் காசு சேரும்போது சவுண்ட் டிகோடருக்கு மாறலாம். பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல எலெக்ட்ரானிக்ஸ் பாடம் கிடைப்பது கஷ்டம்.

வாங்கும் முன் கவனியுங்கள்

• டி.சி.சி-யும் தெரிந்த டிகோடரா? ஆப் என்பது கம்பெனி இருக்கும் வரைதான். நாளைக்கே ஆப் நின்றுபோனாலும், பொதுத் தரமான டி.சி.சி-க்குக் கட்டுப்படும் டிகோடர் வீணாகாது. ப்ளூநாமி, எச்.எம்.7000 இரண்டும் டி.சி.சி-யிலும் ஓடும். 'ஜீரோ 1' வாங்கியவர்களின் கதை நமக்கு வேண்டாம்.

• உங்கள் போனில் ஆப் வேலை செய்யுமா? டிகோடரை ஆர்டர் செய்யும் முன் ஆப்பை இறக்கிப் பாருங்கள். பழைய ஆண்ட்ராய்டு போன்களில் ப்ளூடூத் கருவியைத் தேட லொகேஷன் அனுமதி கேட்கும். அது அந்த வெர்ஷன்களின் வழக்கம்.

• ஓட்டும்போது போன் வந்தால்? தொடர்பு அறுந்தால் இன்ஜின் நிற்க வேண்டுமா, ஓட வேண்டுமா என்பதை முதலிலேயே சோதித்துப் பாருங்கள். எமர்ஜென்ஸி ஸ்டாப் பட்டன் எங்கே என்று வீட்டில் எல்லோருக்கும் காட்டி வையுங்கள்.

• பனிமூட்டம் ஜாக்கிரதை! ஏற்காடு போன்ற ஈரமான ஊரில் தண்டவாளத்தில் சீக்கிரம் அழுக்குப் படியும். மின்சாரம் ஒரு கணம் விட்டுப்போனாலும் சத்தம் நின்று, இன்ஜின் மறுபடி முதலிலிருந்து 'ஸ்டார்ட்' ஆகும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் அடிக்கடி துடையுங்கள். சிறு மின்சேமிப்பான் ஒன்றை டிகோடரோடு மாட்டினால் இந்தத் தொல்லை குறையும்.

• குழந்தைகள் பாதுகாப்பு: தண்டவாளத்தின் குறைந்த வோல்டேஜ் பயப்படக்கூடியதல்ல. ஆனால் சின்னச் சின்ன பாகங்களைக் கைக்குழந்தைகள் வாயில் போட்டுக்கொள்ளலாம். சால்டரிங், லித்தியம் பேட்டரி இரண்டும் பெரியவர்கள் மேற்பார்வையில்தான்.

திரையைவிடத் திருகு பட்டனே மேல் என்பவர்களும் உண்டு. அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பட்டனைத் தடவிப் பார்த்தே திருகலாம்; கண் ரயில் மீதே இருக்கும். போனில் ஓட்டினால் கண் திரைக்கு ஓடிவிடுகிறது. ரயில் பார்க்க உட்கார்ந்துவிட்டு மறுபடியும் போனையே பார்ப்பதா? ஹாரன் பட்டன் எங்கே இருக்கிறது என்று விரலுக்குப் பழகும் வரை மெதுவாக ஓட்டுவதே நல்லது.

உங்கள் போன் இன்னொன்றும் செய்யும்

ஜெர்மனியின் இ.எஸ்.யு கம்பெனியின் 'லோக்சவுண்ட்' போன்ற டிகோடர்களில் நாமே பதிவு செய்த சத்தத்தையும் ஏற்ற முடியும். அதற்குத் தனியாக ஒரு புரோகிராமர் கருவியும் கம்ப்யூட்டரும் வேண்டும். ஏற்றிய பிறகு, மேலே சொன்ன வை-ஃபை வழியில் போனிலேயே ஓட்டலாம். அதாவது, நீலகிரி இன்ஜினின் குரல் ஒரு மேஜை ரயிலுக்குள் வருவதற்குத் தொழில்நுட்பம் தடையில்லை. தேவை, நல்ல பதிவு.

அடுத்த முறை மேட்டுப்பாளையமோ குன்னூரோ போனால் செல்ஃபியோடு நிறுத்திக்கொள்ளாமல் இதையும் செய்யலாம். ஸ்டேஷன் மாஸ்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, பிளாட்ஃபாரத்தில் பாதுகாப்பான இடத்தில் நில்லுங்கள். தண்டவாளத்தில் இறங்குவதோ, ஓடும் ரயிலிலிருந்து கையை நீட்டுவதோ கூடவே கூடாது. வீடியோ வேண்டாம்; ஒலியை மட்டும் சுருக்காமல் பதிவு செய்யும் ஆப்பில், 'வேவ்' வடிவத்தில் பதியுங்கள். மைக் மேல் மெல்லிய பஞ்சைச் சுற்றினால் காற்றுச் சத்தம் குறையும். இன்ஜின் சும்மா நிற்பது, விசில், புறப்படும் முதல் பத்து 'சுக்', பிரேக், ஆவி விடுவது என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக, நடுவில் யாரும் பேசாமல், அரை நிமிடமாவது எடுங்கள். எந்த இடம், எந்தத் தேதி, இன்ஜின் மேல் எழுதியிருக்கும் நம்பர் என்ன என்பதையும் பதிவின் கடைசியில் உங்கள் குரலிலேயே சொல்லி வையுங்கள்.

உடனே டிகோடர் வாங்க வேண்டும் என்பதில்லை. இன்று காசில்லாவிட்டாலும் பதிவு பத்திரமாக இருக்கும். பத்து வருடம் கழித்து உங்கள் பிள்ளையோ பேரனோ ஒரு குட்டி இன்ஜினைக் கட்டும்போது, அதற்குக் கொடுக்க நம் மலையின் குரல் ஒன்று கையில் இருக்கும்.